நாற்பது நிமிட நிழல்

பிரிஸ்காவின் ஐந்து மாதக் குழந்தை எமி, சித்திரை வெயிலில், தெருவோரச் சிலுவை மேடையான குருசடிப் படியில், நீலப் பிளாஸ்டிக் துணிக்கூடைக்குள் நாற்பது நிமிடம் தனியாகக் கிடந்து, எடுத்துப் பார்த்தபோது நெற்றி மண்பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்த சங்கதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான், அவளுடைய கைப்பேசியிலிருந்த கதை விளையாட்டுக்குள் தெரு வந்து சேர்ந்தது.

சவேரியார்துறையில் கடலைப் பார்த்துப் போகிற கடைசித் தெரு அது. பதினெட்டு வீடு. பங்குக் கோயில் கணக்கில் அதற்குப் புனித மோனிக்கா அன்பியம் என்று பேர். அன்பியம் என்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீடாகக் கூடி, வேதம் வாசித்து, பாட்டுப் பாடி, சுண்டல் தின்று, அடுத்த வாரம் யார் வீடு என்று சண்டை போட்டுப் பிரிகிற கூட்டம். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குக் கோயிலில் இறை இரக்க மணி அடிக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் காகம்கூடக் கரையாது. அன்றைக்கும் மணி அடித்த பிறகுதான் பெண்கள் வெளியே வந்தார்கள், கூடையைப் பார்த்தார்கள், கூவினார்கள். எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு தலைவிரி கோலமாகப் பிரிஸ்கா ஓடி வந்தாள். "யாருளா பிள்ளைய இங்கன கொண்டாந்து வச்சது?" என்று யாரோ கேட்க, அவள் வாயிலிருந்து, அவளே நினைக்காமல், அந்த வாக்கியம் வந்துவிட்டது.

"வீட்டுக்குள்ளதான் போட்டிருந்தேன்."

அவ்வளவுதான். வீட்டுக்குள் போட்டிருந்த பிள்ளை வெளியே கிடந்தால் யாரோ தூக்கியிருக்க வேண்டும். தூக்கினது, அன்று மத்தியானம் தெருவில் வண்டியோடு திரிந்த கரூர்ப் போர்வை வியாபாரி நாச்சிமுத்துவாகத்தான் இருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் அவரை மறித்து, நாற்பது போர்வைகளையும் பிரித்து மண்ணில் உதறிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அள்ளிக் கட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை. சரி, வெயிலில் கிடந்த பிள்ளை எப்படிக் குளிர்ந்திருந்தது? அது குருசடி செய்த புதுமை, அற்புதம். மறுநாளே ஒன்பது நாள் செபமான நவநாளைத் தொடங்கிவிட்டார்கள். ஒரே சம்பவத்துக்கு ஒரு திருடனும் ஒரு புதுமையும் கிடைத்துவிட்டதால் தெருவுக்கு அதற்குமேல் கேள்வி இல்லை.

கேள்வி இருந்தது இரண்டு பேருக்குத்தான். ஒருத்தி பிரிஸ்கா. இன்னொருத்தி அவள் மாமியார் பெர்பெத்தம்மாள். மூத்த மகன் வீட்டில், இரண்டு தெரு தள்ளி இருப்பவர். தினமும் பின்மத்தியானத்தில் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு பேத்தியைப் பார்க்க வருபவர். பிரிஸ்காவின் புருஷன் ரெய்னால்டு சரக்குக் கப்பலில் இருந்தான். இறங்க இன்னும் ஆறு மாதம் கிடந்தது.

"கதவத் தொறந்து போட்டுட்டு உறங்குத வீட்டுல பிள்ளைய விட்டுவைக்க ஏலாது, கேட்டியா?" என்றார் பெர்பெத்தம்மாள். "எவன் தூக்குனான்னு வெளங்கட்டும்னு பொறுத்திருக்கேன். உன் மேலதான் தப்புன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே பிள்ள எங்கிட்ட வந்துரும். அவன் கப்பலவிட்டு இறங்கின பொறவு பேசிக்கிடலாம்."

"சரி மாமி" என்றாள் பிரிஸ்கா. அதைத் தவிர வேறு சொல் அவளிடம் இல்லை. அந்த வாரம் மாமியின் பிடரி வெயிலில் வெந்து சிவந்திருந்தது. கற்றாழைச் சோற்றை வழித்து அவள்தான் தடவிவிட்டாள், எப்படி வெந்தது என்று கேட்கத் தோன்றாமலே.

பயம் அவளுக்குப் பிள்ளை பிறந்த அன்றே வந்து வீட்டோடு தங்கிவிட்டது. பால் கொடுக்கும்போது கண் செருகி விழுந்துவிடாமல் இருக்கத்தான் அவள் அந்த விளையாட்டை இறக்கி வைத்திருந்தாள். மலை பங்களா ஒன்றில் வைர மாலை காணாமல் போகிறது. ஏழு பேர். திரையில் ஒருவர் படம் வரும், அவர் பேசுவது கீழே எழுத்தில் வரும், நடுவில் இரண்டு வழிகள் வரும். ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் போகும். ஒருவர் கண்ணில் தெரிந்தது இன்னொருவர் கண்ணில் தெரியாது. தப்பான வழியில் போனால் கதை முட்டி நின்றுவிடும். பழைய இடத்துக்குத் திரும்பி வந்து மற்ற வழியைத் தொடலாம். பிரிஸ்கா கான்வென்டில் படித்தவள். மை பேனாவில் எழுதினதை அழிக்க மதர்மார்கள் ஒருநாளும் விட்டதில்லை, எழுதினது எழுதினதுதான். திரும்பிப் போகலாம் என்கிற அந்த ஒரு சலுகைக்காகவே அவளுக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது.

ஒரு காலையில் நாலாம் அத்தியாயத்தைத் திறந்தாள். பங்களா இல்லை. குருசடி இருந்தது, நீலக்கூடை இருந்தது, மேலே ஒரு வரி இருந்தது: நிழல் யாருடையது? அதன் கீழே வரிசையாக முகங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூட்டு. ஐஸ் வண்டி ஓட்டுகிற சந்தியாகு. பக்கத்து வீட்டு மொடெஸ்டா அக்கா. ஓர் ஆடு. நாச்சிமுத்து. பங்குத்தந்தை எட்மண்ட். பெர்பெத்தம்மாள். கடைசியில், அவளே. அவள் முதலில் செய்தது, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்ததுதான்.

மாவு வாங்க வந்த மொடெஸ்டா எட்டிப் பார்த்தாள். "ஏளா, இது நான்லா? மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசா வரைஞ்சிருக்கானுவ" என்று தன் முகத்தைத் தொட்டாள். பிரிஸ்கா எத்தனை தடவை தொட்டும் அசையாத பூட்டு, அக்காவின் கட்டைவிரல் பட்டதும் திறந்துகொண்டது. அன்றைய மத்தியானம் மொடெஸ்டாவின் கண் வழியாகத் தெரிந்தது: மாமனார் நனைத்துவிட்ட படுக்கை விரிப்பை அலசிப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு வழிகள். மாடியில் காயப்போடு. குருசடிக் கயிற்றில் காயப்போடு. மொடெஸ்டா மாடியைத் தொட்டாள். திரை வெள்ளையானது. எழுத்து இல்லை, படம் இல்லை, உச்சி வெயிலை நேராகப் பார்த்தது மாதிரி ஒரு வெள்ளை. அதற்குள்ளிருந்து மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுபோன ஒரு பிள்ளையின் அழுகை. மொடெஸ்டா கைப்பேசியைத் தலையணை மேல் வீசிவிட்டு எமியைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். தன் அழுகை ஓய்ந்த பிறகு, திரும்பிப் போய்க் கயிற்றைத் தொட்டாள். ஈர விரிப்பின் நிழல் கூடை மேல் விழுந்தது. எட்டு நிமிடம்.

"அன்னைக்கு முட்டு வலி, மாடி ஏற ஒடம்பு வணங்கல" என்றாள் மொடெஸ்டா. "கூடையப் பாத்தேன். ஒன் துணின்னுல்லா நெனச்சேன். என் முட்டு வலிக்கு ஸ்தோத்திரம், ஏசுவே."

அன்று பொழுது சாய்வதற்குள் பதினெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. அடுத்து யார் வீட்டுக்கு என்றுதான் கேட்டார்கள். மே மாதம் ஆகியிருந்ததால் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகிற காலம். சொரூபத்தோடு கைப்பேசியையும் ஒரு தட்டில் வைத்து அனுப்புவது என்று முடிவாயிற்று. ஒரு வீட்டில் மெழுகுதிரி ஏற்றினார்கள், ஒரு வீட்டில் அவல் வைத்தார்கள், ஒரு வீட்டில் மல்லிகைச் சரத்தைச் சுற்றப் போய், "ஏ, செத்தவங்க படம் மாதிரி இருக்கு, எடு" என்று வசை வாங்கினார்கள். சார்ஜ் ஒயர் பூசைப் பொருள் மாதிரிப் பட்டுத் துணியில் சுற்றிப் போயிற்று. பங்குத்தந்தை எட்மண்ட் முதலில் பீடத்திலிருந்தே கண்டித்தார். இது திருவருட்சாதனம் அல்ல, யாரும் மண்டியிடக் கூடாது என்றார். இரண்டு நாள் கழித்துத் தானே வந்து கட்டைவிரலை வைத்தார். சம்பவம் நடந்த அன்று ஒலிபெருக்கியில் போடுகிற மணி ரிப்பேர். பேசாமல் விட்டுவிடலாமா, மணிக்கூண்டு ஏறிக் கயிற்றை இழுக்கலாமா என்று இரண்டு வழி. அவர் ஏறியிருந்தார். ஒலிபெருக்கி மணி பழகிப்போய், தெரு அதற்குப் புரண்டு படுத்து மெதுவாகத்தான் எழும். அன்றைக்கு வெண்கல மணிதான் சட்டென்று எழுப்பியது. "எனக்கு அன்றைக்கு உடம்பு குறைக்க வேண்டியிருந்தது" என்றார் ஃபாதர், வெட்கத்தோடு.

சந்தியாகுவின் நிழல்தான் முதல் நிழல். வண்டியைக் குருசடி ஓரம் நிறுத்திவிட்டு மச்சினனின் போனை எடுத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகையில் தன் பேரைப் போடவில்லை என்று மச்சினன் பன்னிரண்டு நிமிடம் விடாமல் ஏசியிருக்கிறான். பாதியில் போனை வைத்துவிட்டுக் கிளம்பும் வழியைத் தொட்டால், வெள்ளை. மறுநாள் சந்தியாகு ஒரு முழுச் சீலா மீனைத் தூக்கிக்கொண்டு, அந்த ஏச்சுக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லாத மச்சினன் வீட்டுக்குப் போய், "நல்லா ஏசின மச்சான், நல்லா இருப்ப" என்று காலில் விழாத குறையாகக் கும்பிட, மச்சினன் பயந்துபோய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

ஆட்டின் பூட்டைத் திறக்கத்தான் சிரமப்பட்டார்கள். குளம்பை வைத்தால் திறக்கவில்லை. கடைசியில் மூக்கை வைத்து அழுத்தினார்கள், திறந்தது. காற்றில் சரிந்து விழுந்த மொடெஸ்டாவின் விரிப்பைத் தின்ன வந்த ஆடு, கூடைக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்றிருக்கிறது. அது பங்குத் திருவிழாவில் ஊருக்குப் போடுகிற அசன விருந்துக்கு நேர்ந்துவிட்ட ஆடு. "இனி எப்பிடி அறுக்கது?" என்று மொடெஸ்டா கேட்க, அன்பியத்தில் அதற்குமுன் எந்த விஷயத்திலும் ஏற்படாத ஒற்றுமை அன்று ஏற்பட்டது. ஆட்டுக்கு லாசர் என்று பேர் வைத்தார்கள். அந்த வருஷ அசனம் சாம்பார் என்று அறிவிப்பு ஆயிற்று.

தெரு மாறிப்போயிற்று. யாரும் எங்கேயும் சும்மா நிற்பதில்லை. வெயிலில் ஒரு பூனை படுத்திருந்தாலும் பக்கத்தில் போய் அரை நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்கள்; நாம் நிற்பது எதற்கு உதவுகிறதோ, யார் கண்டார். பிரிஸ்காவைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "என் பன்னிரண்டு நிமிஷம்", "என் எட்டு நிமிஷம்" என்று கொஞ்சினார்கள். அவள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையில் பாதி நன்றி. மீதி, வரிசை குறையக் குறையக் கடைசியில் தன் முகத்தின் பூட்டுதான் மிஞ்சும் என்கிற பயம்.

இனி நாச்சிமுத்து வேண்டும். சந்தியாகு வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடி, மூன்றாம் நாள் கண்டுபிடித்தான்.

"நா வரலீங்க" என்றார் நாச்சிமுத்து. "அன்னைக்கு நீங்க ஒதறுன நாப்பது போர்வையும் மண்ணுங்க. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு விக்கலீங்க. மொதல்ல அதுக்கொரு வழி பண்ணுங்க."

தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற தெரு அது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஆளுக்கு நாலு குடம் கொண்டுவந்து ஊற்றி, நாற்பது போர்வைகளையும் அலசி, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். தெரு முழுக்கப் பந்தல் போட்டது மாதிரி ஆயிற்று. நாச்சிமுத்து அதன் அடியில் ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். அதனால் அந்த ஞாயிறு அன்பியம் மத்தியானம் இரண்டு மணிக்கே கூடியது. முறைப்படி அது பிரிஸ்காவின் வீடு.

எல்லாரும் வந்திருந்தார்கள். பெர்பெத்தம்மாள் கறுப்புக் குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, எமியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். அவர் கண்ணில் அந்த மத்தியானம் ஓடியது: தாகம். போர்வை மலையாக அடுக்கிய வண்டியைக் குருசடிப் பக்கம் நிறுத்துகிறார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அம்மா, கொஞ்சம் தண்ணீங்க. கதவு திறக்கவில்லை. தள்ளிப் பார்க்கிறார், உள்ளே தாழ் போட்டிருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறது, வரும் என்று ஏழு நிமிடம் நிற்கிறார். அந்த ஏழு நிமிடமும் போர்வைகளின் நிழல் கூடை மேல். பிறகு தாகத்தோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். தெருமுனையில் ஒரு கறுப்புக் குடை எதிரே வருகிறது. அத்தோடு முடிந்தது.

தட்டின கதவு இந்த வீட்டுக் கதவு. உள்ளே தாழ் போட்ட வீட்டிலிருந்து வெளியாள் எவனும் பிள்ளையைத் தூக்க முடியாது. பன்னிரண்டும் எட்டும் இரண்டும் ஏழும் இருபத்தொன்பது. மீதி பதினொன்று யாருடையது என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை, அந்தக் குடையைத் தெருவில் தெரியாதவர் இல்லை. மொடெஸ்டா நல்லவள். சட்டென்று சுண்டல் சட்டியை எடுத்து, "எல்லாரும் இலைய எடுங்க, ஆறிப்போகும்" என்றாள். ஒருத்தி மாதா பாட்டை ஆரம்பித்தாள். தெரு அதை அப்படியே மூடிவிடத் தயாராக இருந்தது. பிரிஸ்காவுக்கு அது புரிந்தது. அந்த நிமிடம் அவர்கள் எல்லார் காலையும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏனுங்க" என்றார் நாச்சிமுத்து, சுண்டலைத் தொடாமல். "அப்ப நா எடுக்கலீன்னு ஆராச்சும் வாயால சொல்லுங்க. அதைக் கேட்டுட்டுப் போறேன்."

அதைச் சொல்ல வேண்டுமென்றால், யார் எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டு நின்றது. பிரிஸ்கா மாமியின் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அது லாசரின் கயிற்றுத் துண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. எழுந்து வந்து கைப்பேசியை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாதா சொரூபத்தின் மேல் சாய்த்து வைத்து, தன் முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

அவள் அத்தியாயத்தில் மட்டும் வழிகளே இல்லை. தொட ஒன்றும் இல்லாமல் தானே ஓடியது. தடுப்பூசி போட்ட காய்ச்சலில் பிள்ளை அழுத நாலு இரவு. கண்ணுக்குள் உப்பு மணல். மத்தியானம் கை தாங்காமல் பிள்ளையைத் துணிக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, காய்ச்சல் விட வேண்டும் என்று குருசடிக்கு வந்து ஐந்து அருள்நிறைந்த மந்திரம். நாலாவதில், மற்ற வீடுகள் பிடித்து முடித்த தண்ணீர் லாரியின் கடைசி ஆரன். குடத்துக்கு ஓடுகிறாள். மூன்று நடை, கூடையை ஐஸ் வண்டி மறைத்து நிற்கிறது. கடைசிக் குடத்தை இறக்கிவிட்டுக் கதவைத் தாழ் போடுகிறாள். பிள்ளை உறங்குகிறது என்று ஒரு நிம்மதி, எங்கே என்று இல்லாத நிம்மதி. தரை குளிர்ந்திருக்கிறது. கன்னத்தை வைக்கிறாள். திரை இருண்டது.

மற்றவர்கள் கதை முட்டி நின்றபோது வந்த வெள்ளை அல்ல, இது கறுப்பு. தூரத்தில் யாரோ கதவு தட்டுகிற சத்தம், கிணற்றுக்குள் கல் விழுவது மாதிரி. பதினெட்டு வீட்டு ஜனமும் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. அத்தனை அசதியான இருட்டு. பார்த்துக்கொண்டிருந்த சந்தியாகு குறட்டையே விட்டுவிட்டான். பிறகு வெண்கல மணி அடித்தது, திரையில் வெளிச்சம் வந்தது.

"நீங்க எடுக்கலண்ணே" என்றாள் பிரிஸ்கா, நாச்சிமுத்துவைப் பார்த்து. "நான்தான் வச்சேன். வச்சிட்டு மறந்துட்டேன். பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் தலையை ஆட்டினார். "அன்னைக்குக் கதவைத் தொறந்திருந்தீங்கன்னா தண்ணியக் குடிச்சுட்டு அப்பவே போயிருப்பனுங்க" என்றார். "தூங்குனதும் ஒரு வகைக்கு நல்லதுக்குத்தானுங்க." பிறகு சுண்டலை எடுத்துக்கொண்டார்.

பிரிஸ்கா மாமியின் பக்கம் திரும்பவில்லை. பிள்ளை இனி அங்கே போகும். எமியின் சின்னச் சட்டைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று மனசுக்குள் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

"அதை இங்கன கொண்டா" என்றார் பெர்பெத்தம்மாள்.

"வேண்டாம் மாமி."

"கொண்டான்னேன்."

அவர் கட்டைவிரலை வைத்தார். குடைக்குக் கீழே நடக்கிற ஒரு மத்தியானம். குருசடி. கூடை. கூடைக்குள் பேத்தி. இரண்டு வழிகள்: தூக்கு. நில். பெர்பெத்தம்மாள் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார்.

"நான் நின்னேன். எம்புட்டு நேரஞ்செண்டு இவ வாரான்னு பாத்து, மவனுக்கு எழுதிரணும்னு நின்னேன். மணி அடிச்சதும் குருசுக்குப் பின்னால மறைஞ்சேன். நின்னத வெளிய சொன்னா என் மூஞ்சில துப்புவீங்கன்னு சொல்லல."

"தூக்கு-ங்கறத ஒருக்கா தொட்டுப் பாருங்களேன் பெரியம்மா" என்றாள் மொடெஸ்டா, அழுதுகொண்டே.

"மாட்டேன். அன்னைக்குத் தொடாதத இன்னைக்குத் தொட்டா அது பொய்."

நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு வழிகளும் வந்தன. பதினொரு முறையும், எல்லார் முன்னாலும், அவர் 'நில்' என்பதையே தொட்டார். ஒவ்வொரு தடவை தொட்டபோதும் திரையில் இன்னொன்றும் நடந்தது, அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. வெயில் நகர நகர, அவர் கையிலிருந்த குடை ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று கூடையின் பக்கமாக நகர்ந்துகொண்டே போயிற்று. கடைசி நிமிடத்தில் குடை முழுக்கப் பிள்ளைக்கு. அவர் முழுக்க வெயிலில், பிடரி சிவக்க.

பிரிஸ்கா எழுந்து போய், மாமியின் பிடரியில் கையை வைத்தாள். தோல் உரிந்து புதுத் தோல் வந்திருந்தது.

பெர்பெத்தம்மாள் மூக்கைச் சிந்தினார். எமியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சொன்னது சொன்னதுதான். பிள்ளைய நான் தூக்கிட்டுத்தான் போறேன்" என்றார். பிரிஸ்கா அலமாரிப் பக்கம் திரும்பினாள். "குருசடி வரைக்குந்தான். நீ கதவத் தாழ் போட்டுட்டுப் படு. கண்ணப் பாரு, கொவ்வப் பழம் மாதிரி. இனி தெனமும் மத்தியானம் பிள்ள எங்கிட்ட, நீ பாயில. தெரிஞ்சுதா?"

"சரி மாமி" என்றாள் பிரிஸ்கா. அதே சொல்தான்.

எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியேறினார்கள். சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன கைப்பேசி மாதாவின் காலடியில் கிடந்தது. ஃபாதர் எட்மண்ட் மட்டும் வேகமாகக் கோயில் பக்கம் நடந்தார்.

"ஃபாதர், எங்க ஓடுதீங்க?" என்று மொடெஸ்டா கிசுகிசுத்தாள்.

"மணி மூணாகப் போகுதும்மா. இறை இரக்க மணி அடிக்க வேண்டாமா?"

"கோவிச்சுக்கிடாதீங்க ஃபாதர். இன்னைக்கு அதை அடிக்காம இருந்தீங்கன்னா, அதுதான் இரக்கம்."

ஃபாதர் திரும்பி வந்து, ஆட்டுக்குப் பக்கத்தில், குருசடிப் படியில், உட்கார்ந்துவிட்டார். நாச்சிமுத்து நாலு மணி பஸ்ஸை விட்டார்; போர்வைகள் இன்னும் ஈரமாகத்தான் இருக்கின்றன என்றார். தெரு நெடுக அவை கடற்காற்றில் புரண்டன. அவற்றின் அடியில், ஒரு பொட்டு வெயில்கூட விழாத நிழலில், பெர்பெத்தம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் போகப் போகக் குடையை ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று நகர்த்திக்கொண்டே இருந்தார். உள்ளே, தாழ் போட்ட கதவுக்குப் பின்னால், பிரிஸ்கா உறங்கினாள்.